ஒளியைத் தாழ்த்துவோம், உயிரைக் காப்போம்!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

தஞ்சைத் தரணியைத் தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று பாராட்டாதவர் இல்லை. ஆனால் அந்த நெல் பகலில் செய்யும் வேலையால் மட்டும் விளைவதில்லை என்பதை இந்த மண்ணில் பிறந்தவர்கள் நன்கு அறிவார்கள். முறைத்தண்ணீர் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவிலேயே எழுந்து போய் மடை திறக்கவேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரம் வரும் நேரம் பார்த்து வயலுக்கு ஓடவேண்டும். அறுவடைக் காலத்தில் இயந்திரம் இரவிலும் வயலில் உறுமிக்கொண்டிருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்த நெல்லுக்குக் காவலாக வீட்டில் ஒருவர் போய்ப் படுக்கவேண்டும். ஆகவே காவிரிப் பாசனப் பகுதியின் சாலைகள் இரவிலும் உறங்குவதில்லை. அச்சாலைகளில் இன்று மிகுதியாக ஓடுபவை மாட்டுவண்டிகள் அல்ல. மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் ஸ்கூட்டருமே.

அந்த வண்டிகளின் முன்னே எரியும் விளக்கைப் பற்றித்தான் இக்கட்டுரையில் என் கருத்தைக் கூற விரும்புகிறேன். "வண்டி ஓட்டும் உரிமம் பெறுவதற்கு வயதுகூட ஆகாத பெண்ணுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், எனக்கு வண்டி ஓட்டும் வயது வரவில்லை. ஆனால் பின்னிருக்கையில் அமர்ந்து பல ஆண்டுகளாகப் பயணம் செய்கிறேன். ஓட்டுபவருக்குச் சாலையில் மட்டும் கண். பின்னால் அமர்ந்திருப்பவருக்கோ எதிரே வருபவர் படும் பாட்டையும் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான். முகப்பு விளக்கு ஓட்டுபவருக்கு மட்டும் சொந்தமானதன்று. எதிரே வருபவரின் கண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. எப்போது 'பிரைட்', எப்போது 'டிம்' என்று அறிந்து மாற்றுபவரே விளக்கைப் பயன்படுத்தத் தெரிந்தவர்.

இது சிறிய செய்தி என்று எண்ணிவிடவேண்டாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தார்கள் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடுதான்! கல்வியிலும் தொழிலிலும் முன்னிற்கும் மாநிலம் இதிலும் முன்னிற்பது நமக்குப் பெருமையா? நாள் முழுவதிலும் விபத்துகள் மிகுதியாக நிகழும் நேரம் மாலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரை என்பதையும் அந்த அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றன. விளக்கேற்றும் நேரமே விபத்தின் நேரமாக இருக்கிறது.

கண்ணும் ஒளியும்

இருட்டில் நம் கண் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இருவகை உண்டு. கூம்பு செல்கள் பகல் வெளிச்சத்தில் நிறங்களைக் காட்டுகின்றன. குச்சி செல்கள் மங்கிய ஒளியில் உருவங்களைக் காட்டுகின்றன. இந்தக் குச்சி செல்களில் ரோடாப்சின் என்னும் பொருள் உள்ளது. வைட்டமின் 'ஏ' இல்லாமல் அது உண்டாகாது. முருங்கைக் கீரையைத் தட்டில் ஒதுக்கும் தோழியர் இதைக் கவனிக்க! பலமான ஒளி பட்டவுடன் ரோடாப்சின் சிதைந்துவிடும். மறுபடியும் அது நிறைந்து, கண் இருட்டுக்கு முழுவதும் பழக அரைமணி நேரம் வரை ஆகும். திரைப்படக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் நாற்காலி தெரியாமல் தடுமாறுகிறோமே, அதற்கு இதுவே காரணம்.

எதிரே வரும் வண்டியின் பிரைட் ஒளி கண்ணில் பாய்ந்தால் இதேதான் நடக்கிறது. வண்டி கடந்து போனபின்னும் சில விநாடிகள் கண்முன் கருமையே நிற்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். மூன்று விநாடி கண் தெரியாவிட்டால், 33 மீட்டர் தூரத்தை ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாகத்தானே பொருள்?

முதியோரின் நிலை இன்னும் கடினம். இருபது வயதுக் கண்ணுக்குள் செல்லும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடைகிறது. கண்புரை இருந்தாலோ, எதிரே வரும் ஒளி சிதறி, பார்வை முழுவதையும் மறைத்துவிடும். நம் பகுதியில் இன்று வயலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் யார்? படித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, தாத்தாக்களும் பெரியப்பாக்களும்தானே மொபெட்டில் போகிறார்கள்? இளைஞர் ஒருவர் பிரைட் போட்டு வரும்போது, அந்த ஒளி பாய்வது பெரும்பாலும் ஒரு தாத்தாவின் கண்ணில்தான்.

எங்கள் தெருவில் எனக்குப் பெரியப்பா முறையாகும் விவசாயி ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், கொள்முதல் நிலையத்திலிருந்து இரவு எட்டு மணி அளவில் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் கடைசிவரை ஒளியைத் தாழ்த்தவில்லை. பெரியப்பா கண் கூசி இடப்பக்கம் ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் சாலை இல்லை, வாய்க்கால்தான் இருந்தது. தோள் எலும்பு முறிந்து, அந்தப் பருவத்துக் கணக்கு வழக்கையெல்லாம் பெரியம்மாவே பார்க்கவேண்டியதாயிற்று. வந்தவர் நிற்கவில்லை. ஒருவேளை, தம்மால் ஒருவர் விழுந்தார் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பார்க்கப் போன எங்களிடம், "என்னை வண்டி இடிக்கலை அம்மா, வெளிச்சம்தான் இடிச்சுது" என்றார் பெரியப்பா. இப்படி விழுந்தவர்களைப் பற்றி எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? மோதியதற்கு ஓர் அடையாளமும் இல்லையே!

விளக்கின் உள்ளே

குழியாடியின் குவியத்தில் ஒளி மூலத்தை வைத்தால் கதிர்கள் இணையாக நெடுந்தூரம் செல்லும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு அந்தப் பாடத்தின் செய்முறையே ஆகும். சாதாரண ஹாலோஜன் பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. ஓர் இழை குவியத்திலேயே இருக்கிறது. அது எரியும்போது ஒளி நேராக, நெடுந்தூரம் பாய்கிறது. அதுவே பிரைட். மற்றோர் இழை குவியத்திற்குச் சற்று முன்னே இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறு உலோகத் தடுப்பும் உண்டு. அதனால் ஒளி ஆடியின் மேற்பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. அதுவே டிம். ஆகவே டிம் என்பது மங்கலான விளக்கு அன்று. வெளிச்சம் ஏறத்தாழ அதேதான். விழும் இடம்தான் வேறு. 'டிம் போட்டால் வெளிச்சம் குறைந்துவிடும்' என்று பலர் நினைப்பது தவறு. அந்தத் தமிழாக்கம் இல்லாத ஆங்கிலச் சொல்தான் நம்மைக் குழப்புகிறது போலும்! 'தாழ் ஒளி' என்று சொல்லிப் பழகினால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் எப்போதும் தாழ் ஒளியிலேயே போய்விடலாமா? கூடாது. அதுவும் ஆபத்தே. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தடையைக் கண்டு, பிரேக்கை அழுத்துமுன் ஒன்றரை விநாடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். அழுத்தியபின், காய்ந்த தார்ச் சாலையிலேயே நிற்க மேலும் 28 மீட்டர் அளவு வேண்டும். மொத்தம் 53 மீட்டர். தாழ் ஒளியிலோ, கருமையான உடை உடுத்தி நடப்பவர் முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்தபிறகே கண்ணுக்குத் தெரிகிறார். அதாவது, அவரைப் பார்க்கும்போதே காலம் கடந்துவிட்டது! 40 கிலோமீட்டர் வேகமானால் 29 மீட்டரில் வண்டி நின்றுவிடும். ஆகவே ஆளில்லாத, தெருவிளக்கில்லாத சாலையில் பிரைட் போடுவதே சரி. எதிரே ஒளி தென்பட்டவுடன் தாழ்த்தி, வேகத்தையும் குறைப்பது முறை. ஒளியைத் தாழ்த்திவிட்டு வேகத்தைத் தாழ்த்தாதவர் பாதி வேலையைத்தான் செய்தவர். நம் விளக்கின் எல்லை எதுவோ, அதுவே நம் வேகத்தின் எல்லை.

நம் ஊர்ச் சாலைகள்

எந்த ஊருக்கும் பொருந்தும் இந்த உண்மைகள் நம் காவிரிக் கரையில் இன்னும் கூடுதலாகப் பொருந்துகின்றன. நம் சாலைகள் பல ஆற்றங்கரை மீதும் வாய்க்கால் கரை மீதும் செல்கின்றன. திருவையாற்றுப் பக்கம், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆறு வளைகிற இடமெல்லாம் சாலையும் வளையும். ஆனால் விளக்கின் ஒளி வளையாது! திருப்பத்தில் அது சாலையை விட்டுவிட்டு ஆற்றின் மேலோ மூங்கில் புதர் மேலோ விழுகிறது. நாம் செல்லவேண்டிய இடம் இருட்டில் இருக்கிறது. மேடான பாலங்களில் ஏறும்போது ஒளி வானத்தைப் பார்க்கிறது. அக்கரையில் இறங்கும் இடத்தில் மாடு படுத்திருந்தாலும் தெரியாது. இத்தகைய இடங்களுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரைட்டையும் டிம்மையும் ஓரிரு முறை மாற்றிக் காட்டினால், மறுபக்கம் வருபவருக்கு நம் வரவு தெரிந்துவிடும். இருட்டில் ஒலிப்பானைவிட அமைதியான எச்சரிக்கை இது.

அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காய்வதையும் வைக்கோல் கிடப்பதையும் பார்க்கிறோம். நெல்லைச் சுற்றிக் கற்களை வைத்துவிட்டு, எடுக்காமல் போய்விடுவோரும் உண்டு. நெல்மூட்டை ஏற்றிய டிராக்டர், பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்கும். சில டிராக்டர்களுக்கு முகப்பிலும் ஒரு விளக்குத்தான் எரியும். தொலைவில் ஒற்றை ஒளியைக் கண்டு, 'மோட்டார் சைக்கிள்தானே வருகிறது' என்று நம்பி நெருங்கினால், அகன்ற டிரெய்லருடன் டிராக்டர் வந்து நிற்கும். ஆகவே ஒற்றை விளக்கைக் கண்டாலும் பெரிய வண்டி என்றே எண்ணி இடப்பக்கம் நன்கு ஒதுங்கிச் செல்வது அறிவுடைமை.

மார்கழி, தை மாதங்களில் வயல்வெளிப் பனி சாலையை மூடுகிறது. அப்போது பலர் வெளிச்சம் போதவில்லை என்று பிரைட் போடுகிறார்கள். பனியிலுள்ள நீர்த்துளிகள் அந்த ஒளியைச் சிதறடித்து ஓட்டுபவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. முன்னே வெள்ளைச் சுவர் எழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. பனியில் தாழ் ஒளியும் மெதுவான வேகமுமே துணை.

பூச்சிகளையும் மறக்கக்கூடாது. பயிரைத் தாக்கும் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கை நாடி வரும் என்பதால்தான் உழவர்கள் விளக்குப்பொறி வைத்து அவற்றைப் பிடிக்கிறார்கள். வயல்களுக்கு நடுவே ஓடும் மோட்டார் சைக்கிளும் ஒரு விளக்குப்பொறியே! தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிடாமல் ஓட்டுபவரின் கண்ணில் பூச்சி விழுந்தால் என்ன ஆகும்? அந்தக் கண்ணாடியும் கீறல் விழுந்து பழசானால் எதிரொளியைச் சிதறடிக்கும். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு மருத்துவச் செலவைவிட மிகக் குறைவு.

இன்னொன்று. நம் ஊரில் வண்டியின் பின்னால் என்னென்ன ஏற்றுவதில்லை? விதைநெல் மூட்டை, உரமூட்டை, புல்லுக்கட்டு, சில நேரம் குடும்பம் முழுவதும்! பின்பாரம் கூடினால் வண்டியின் முன்பகுதி தூக்கிக்கொள்கிறது. அப்போது தாழ் ஒளியும் பிரைட்டாகிவிடும். "நான் டிம்தானே போட்டிருக்கிறேன்" என்று ஓட்டுபவர் சொல்வார். எதிரே வருபவருக்கோ கண் கூசும். அப்படிப் பாரம் ஏற்றும் நாளில் விளக்கைச் சற்றுக் கீழே திருப்பி வைக்கவேண்டும். பல வண்டிகளில் ஒரு திருகாணியைத் திருப்பினாலே போதும்.

நடப்பவர்களை நான் தனியே குறிப்பிட விரும்புகிறேன். ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8 அன்னையின் பிறந்தநாள் திருவிழா. அதையொட்டி வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் ஆயிரக்கணக்கானோர் தஞ்சாவூர் வழியாக நடந்து செல்வதை நாம் காண்கிறோம். சமயபுரத்துக்கும் பழனிக்கும் அவ்வாறே நடக்கிறார்கள். 2024 ஜூலை மாதத்தில், தஞ்சாவூருக்கு அருகே வளம்பக்குடியில், சமயபுரத்துக்கு நடந்து சென்றவர்கள் மீது அதிகாலையில் சரக்கு வாகனம் மோதிப் பலர் உயிரிழந்த செய்தி நம் நெஞ்சை உலுக்கியது. அவ்விபத்தின் காரணம் எதுவாயினும், ஒன்றை மறக்கக்கூடாது: நடப்பவரிடம் விளக்கு இல்லை. விளக்கு உள்ளவரே இல்லாதவருக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நடப்பவர்களும் பையிலும் முதுகிலும் ஒளிரும் ஒட்டுத்தாள் ஒட்டி, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு சாலையின் வலப்புறம் வரிசையாகச் செல்வது நல்லது.

சட்டமும் மனமும்

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி அமைந்திருக்கவேண்டும், அல்லது ஓட்டுபவர் அவ்வாறு தாழ்த்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்று அவை கூறுகின்றன. 1.5 மீட்டர் என்பது ஏறத்தாழ என்னைப் போன்ற ஒரு பெண் நிற்கும்போது அவளுடைய கண்மட்டம்! யாரோ ஒருவர் நம் கண்ணை நினைத்து இந்த விதியை எழுதியதுபோல் எனக்குத் தோன்றியது. முன்பெல்லாம் விளக்குக் கண்ணாடியின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்களாம். காவலர்களே வண்டியை நிறுத்தி ஒட்டிவிடுவதும் உண்டாம். நாடெங்கும் லாரிகளின் பின்புறத்தில் 'இரவில் டிப்பர் பயன்படுத்து' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதும் இதே செய்திதான்.

2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் செய்யப்படும் புதிய இருசக்கர வாகனங்களில், இயந்திரம் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாகவே எரியும்படி அமைக்கவேண்டும் என்று விதி வந்தது. பகலில் விளக்கு எதற்கு என்று பலர் கேலி செய்தார்கள். அது பார்ப்பதற்காக அன்று. பிறர் நம்மைப் பார்ப்பதற்காக. தமிழர்கள் மிகுதியாக வாழும் மலேசியாவில் 1992-ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கை எரியவிடவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் அதனால் குறைந்தன என்று அங்கு நடந்த ஆய்வுகள் தெரிவித்தன. இப்போது நம் நாட்டுப் புதிய வண்டிகளில் விளக்கை ஏற்றும் பொறுப்பு நம்மிடம் இல்லை. அணைக்கும் பொறுப்பும் இல்லை. இடக்கைக் கட்டைவிரலுக்கு அரசாங்கம் விட்டுவைத்த வேலை ஒன்றே ஒன்று: ஒளியைத் தாழ்த்துவது. அந்த ஒன்றையும் செய்யாவிட்டால் எப்படி?

"எதிரே வருபவன் தாழ்த்தவில்லையே, நான் மட்டும் ஏன் தாழ்த்தவேண்டும்?" என்பது பலர் கேட்கும் கேள்வி. அவரும் தாழ்த்தாமல் நாமும் தாழ்த்தாவிட்டால், கண் தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் நோக்கி விரைகிறார்கள். ஒருவர் தாழ்த்தினால் ஒருவருக்காவது கண் தெரியும். தெருவில் இருவர் சண்டையிட்டால் ஒருவர் வாயை மூடியவுடன் சண்டை அடங்குவதில்லையா? அதுபோலத்தான். எதிரொளி கண்ணில் பாய்ந்தால், அதையே பார்க்காமல் சாலையின் இடது விளிம்பைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கவேண்டும். பதிலுக்குப் பிரைட் போட்டுப் பழிவாங்கக்கூடாது. ஒரு வண்டியின் பின்னால் செல்லும்போதும் ஒளியைத் தாழ்த்தவேண்டும். முன்னே செல்பவரின் கண்ணாடியில் பட்டு அது அவர் கண்ணுக்கே போகிறது.

"அரசு எல்லாச் சாலைக்கும் விளக்குப் போடட்டும்" என்பது இன்னொரு வாதம். போடட்டும், கேட்கவும் வேண்டும். ஆனால் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே செல்லும் ஒவ்வொரு சாலைக்கும் விளக்கு வரும்வரை உயிர்கள் காத்திருக்குமா? கட்டைவிரலை அசைப்பதற்கு எந்த மானியமும் வேண்டியதில்லை.

அண்ணன்மார் சிலர் வண்டி வாங்கியவுடன் விளக்குக் கம்பிகளையும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்புகளையும் சேர்த்துப் பொருத்துகிறார்கள். ஹாலோஜன் பல்புக்காகச் செய்த ஆடியில் வேறு பல்பை மாட்டினால், ஒளி தோன்றும் இடம் மாறி, கதிர்கள் கட்டுக்கடங்காமல் நாலாபக்கமும் சிதறும். குவியத்தைப் பற்றிப் படித்த எந்த மாணவிக்கும் இது விளங்கும். பிறர் கண்ணைக் கூசவைப்பது வீரமன்று. பிறர் கடந்துபோக இடம் கொடுப்பதே பெருந்தன்மை.

நாம் செய்யக்கூடியவை

தோழியரே! நாம் வண்டி ஓட்டாதவர்கள் என்று ஒதுங்கிவிட வேண்டாம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அதில் ஏறி மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் வீடு திரும்பப் போகிறவர்கள் நாம்தாமே? எதிரொளியில் தடுமாறி விழப்போகிறவர்களும் நாமே. ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பாவையோ அண்ணனையோ அழைத்து, வண்டியைச் சமதரையில், சுவருக்கு எதிரே பத்தடி இருபதடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். அவர் வண்டியில் அமர்ந்தபடியே தாழ் ஒளியைப் போடட்டும். சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சற்றுத் தாழ இருக்கிறதா என்று பாருங்கள். வயல் சேறு படிந்த விளக்குக் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். டிம், பிரைட் இரண்டும் எரிகின்றனவா, பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று சோதியுங்கள். நம் மிதிவண்டிக்கும், வீட்டில் மாட்டுவண்டியோ டிரெய்லரோ இருந்தால் அவற்றிற்கும் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள். இவ்வளவும் ஒரு சினிமாச் சீட்டு விலைக்குள் முடிந்துவிடும்.

பெற்றோர்களுக்கும் பெரியோர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. உரிமம் கொடுக்கும் முன் வண்டியை எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். பகலில் எட்டுப் போட்டவர் இரவில் எப்படி ஓட்டுவார் என்று யார் பார்க்கிறார்கள்? இருட்டிய பிறகும் ஒரு சோதனை வைத்து, எதிரே வண்டி வரும்போது ஒளியைத் தாழ்த்துகிறாரா என்று பார்த்த பின்பே உரிமம் தரவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை வீடே தேர்வுக்கூடமாக இருக்கட்டும். பின்னிருக்கையில் அமரும் மகளே தேர்வாளராக இருக்கட்டும். "அப்பா, எதிரே வண்டி வருகிறது, டிம் போடுங்கள்" என்று சொன்னால் எந்தத் தந்தை கோபிப்பார்? என் தந்தையார் முதலில் சிரித்தார்; இப்போது நான் சொல்லுமுன்பே தாழ்த்திவிடுகிறார்.

நெல் விளைவதற்கு இரவிலும் உழைக்கிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் உறங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாலையில் நம் எதிரே வரும் முகம் தெரியாத ஒவ்வொருவரையும் இப்படி ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு இருந்தால், கட்டைவிரல் தானாகவே அசையும். ஒளியைப் பாதையில் பாய்ச்சுவோம். பிறர் கண்ணில் பாய்ச்சாதிருப்போம்!